வாலிபர் குழுவைக் கையில் கொடுத்து ‘உனக்கு அதிகாரம் உண்டு’ என்றார்கள்: அந்த அதிகாரம் எதற்கு?

யங்கோன் தாம்வே பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சபையில் வாலிபர் குழுவைப் போதகர் இவரிடம் ஒப்படைத்து, தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்து, “இனி இவர்கள்மேல் உனக்கு ஆவிக்குரிய அதிகாரம் உண்டு” என்று சொல்லியிருக்கிறார். குழுவில் ஒரு பையன் மலேசியாவுக்கு வேலைக்குப் போகப்போகிறான். போகக் கூடாது என்று இவர் மனதில் படுகிறது, தடுக்கலாமா என்று கேட்கிறார். ஒரு பெண் பிள்ளை ஏதோ தவறில் மாட்டிக்கொண்டு, விஷயம் வெளியே தெரிந்ததும் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டது. இன்னொரு பையன் வேதபாடம் நடக்கும்போதே “அண்ணே, வசனத்தில் அப்படி இல்லையே” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுகிறான். இவர்களிடம் அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினால் அது அவர்களைக் கட்டுவதாக இருக்கும் என்பதுதான் கேள்வி. கடைசியில் ஒரு சின்னக் கேள்வியும் வைத்திருக்கிறார்: பிள்ளைகள் ‘லீடர் அண்ணன்’ என்று கூப்பிடுகிறார்கள், விடலாமா?

தம்பி, முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. உங்கள் போதகருக்கும் கிடையாது. அவனோடு உட்கார்ந்து பேசலாம், மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லலாம், அவன் என்ன முடிவு எடுத்தாலும் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பலாம். அதற்கெல்லாம் தாராளமாக அதிகாரம் உண்டு. ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்றால் கொரிந்து சபையின் கதையைக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

கொரிந்து சபையைத் தொடங்கிய அப்போஸ்தலன் பவுல் இந்த அதிகாரத்தைப் பற்றி ஒரே நிருபத்தில் இரண்டு முறை எழுதுகிறார், 2 கொரிந்தியர் 10:8-லும் 13:10-லும். கர்த்தர் தனக்கு அதிகாரம் கொடுத்தது விசுவாசிகளை இடித்துப்போட அல்ல, ஊன்றக்கட்டவே என்கிறார். நம் சபைகளில் இந்த வசனம் பெரும்பாலும் பதவி ஏற்கும் நாளில்தான் வாசிக்கப்படுகிறது. பவுல் எழுதியது அப்படிப்பட்ட நல்ல நாளில் அல்ல. தான் விசுவாசத்தில் பெற்ற பிள்ளைகளே தன்னை ஏளனம் பண்ணுகிற நேரத்தில் எழுதினார்.

கொரிந்தில் அவர் ஒன்றரை வருஷம் தங்கியிருந்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு கூடாரம் பண்ணும் தொழில் செய்துகொண்டே சபையைத் தொடங்கினார். அவர் புறப்பட்டுப் போன பிறகு வேறு போதகர்கள் வந்து சேர்ந்தார்கள். கையில் சிபாரிசுக் கடிதம், வாயில் நல்ல பேச்சு. பவுலைப் பற்றி அங்கே என்ன பேச்சு அடிபட்டது என்று அவரே 10:10-ல் எழுதுகிறார்: கடிதமெல்லாம் காரமாக இருக்கிறது, ஆளை நேரில் பார்த்தால் ஒன்றுமில்லை, பேச்சும் அற்பம். கூலி வாங்காமல் ஊழியம் செய்ததுகூட அவருக்குக் குறையாகிப்போனது. சும்மா கிடைப்பதற்கு மதிப்பு இல்லை அல்லவா? ஆனால் புதிதாக வந்தவர்கள் என்ன செய்தாலும் சபை பொறுத்துக்கொண்டது. 11:20-ஐ ஒரு முறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அடிமைப்படுத்தினாலும், இருப்பதைப் பட்சித்தாலும், கையில் இருப்பதைப் பிடுங்கினாலும், தங்களை உயர்த்திக்கொண்டாலும், முகத்திலேயே அறைந்தாலும் சகித்துக்கொள்கிறீர்களே என்று கேட்கிறார். அதட்டுகிறவர்தான் அவர்கள் கண்ணுக்கு ஆவிக்குரியவராகத் தெரிந்திருக்கிறார். நம்மிலும் மைக் அதிரப் பேசுகிறவரைத்தான் அபிஷேகம் உள்ளவர் என்கிறோம். மெதுவாகப் பேசுகிற போதகரை நல்ல மனுஷன் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறோம்.

இந்த நிலைமையில் பவுல் கையில் இருந்த அதிகாரத்தை வைத்து என்ன செய்தார்? வருவதாக இருந்த பயணத்தைத் தள்ளிப்போட்டார், அவர்களைத் தப்பவிடுவதற்காக (1:23). கண்ணீரோடு ஒரு கடிதம் எழுதினார் (2:4). உடன் ஊழியர் தீத்துவை அனுப்பி, அவர் திரும்பி வரும்வரை நிம்மதி இல்லாமல் காத்திருந்தார். கடைசியில் 13:9-ல் ஒன்று சொல்கிறார், என் பார்வையில் இந்த விஷயத்துக்கே சாவி அங்கேதான் இருக்கிறது: நாங்கள் பலவீனராயும் நீங்கள் பலவான்களாயும் இருந்தால் எங்களுக்குச் சந்தோஷம். இதை விட்டுவிட்டு அடுத்த வசனத்தை மட்டும் எடுத்துப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் அதிகம். உங்கள் குழுவில் அதிகாரம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகள் உங்களைக் கேட்காமல் ஜெபிக்கிறார்களா, வசனத்தைத் தேடி எடுக்கிறார்களா, உங்களிடமே “இல்லை” என்று சொல்லும் தைரியம் வந்திருக்கிறதா? அப்படியென்றால் கட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் உங்களுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தால், கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கட்டவில்லை.

இனி மலேசியாப் பையன். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து யங்கோனில் வாலிபப் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டிலும் இதே பேச்சுதான், போவதா இருப்பதா என்று. இந்த நேரத்தில் “கர்த்தர் எனக்குக் காட்டினார், நீ போகக் கூடாது” என்று ஒரு தலைவர் சொன்னால் அந்தச் சொல் எவ்வளவு கனமாக அவன்மேல் விழும் என்று யோசியுங்கள். போனால் கர்த்தரை மீறினோமோ என்ற பயம். போகாமல் இருந்து ஏதாவது நடந்தால் அவன் அம்மா யாரைக் கேட்பார்?

வேதத்தில் இதற்கு ஏறக்குறைய அச்சான ஒரு சம்பவம் இருக்கிறது, அப்போஸ்தலர் 21-ல். செசரியாவில் பிலிப்புவின் வீட்டில் பவுல் தங்கியிருக்கிறார். அகபு என்ற தீர்க்கதரிசி வந்து, பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சையை உடையவனை எருசலேமில் இப்படியே கட்டுவார்கள் என்று பரிசுத்த ஆவியானவர் சொல்கிறார் என்றார். அகபு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. முன்பு பஞ்சம் வரும் என்று சொன்னார், ரோமப் பேரரசன் கிலவுதியு காலத்தில் அது வந்தது. கூட இருந்தவர்கள், அதை எழுதிய லூக்காவும் சேர்த்து, போகவேண்டாம் என்று அழுது கெஞ்சினார்கள். பவுல் சம்மதிக்கவில்லை. “கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது” என்று சொல்லி அவர்கள் அமர்ந்துவிட்டார்கள். உண்மையான தீர்க்கதரிசனம், உண்மையான அன்பு, உண்மையான கண்ணீர், இத்தனையும் சேர்ந்தும் முடிவை பவுலின் கையிலிருந்து பிடுங்கவில்லை. அவரை யாரும் கீழ்ப்படியாதவர் என்று சொல்லவும் இல்லை.

இதே விஷயம் மறுபக்கமிருந்தும் இருக்கிறது, அதை நம் ஆட்கள் அதிகம் கவனிப்பதில்லை. 1 கொரிந்தியர் 16:12. கொரிந்துக்குப் போகும்படி அப்பொல்லோவை மிகவும் வேண்டிக்கொண்டேன், இப்போது வர அவனுக்கு மனதில்லை, சமயம் கிடைக்கும்போது வருவான் என்று பவுல் எழுதுகிறார். அவ்வளவுதான். அப்போஸ்தலன் ஒருவர் கேட்டார், உடன் ஊழியர் முடியாது என்றார், அதை அவர் கோபமில்லாமல் ஒரு வரியில் சபைக்கு அறிவித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அப்பொல்லோவின் ஆவிக்குரிய நிலை சரியில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த வசனத்தை நம் ஊழியக்காரர் கூட்டங்களில் வருஷத்துக்கு ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்படியானால் உங்கள் மனதில் பட்டதை என்ன செய்வது? சொல்லுங்கள். ஆனால் அது உங்களுக்குப் பட்டது என்று சொல்லுங்கள், கர்த்தருடைய கட்டளை என்று முத்திரை குத்தாதீர்கள். “தம்பி, எனக்கு மனசு ஒப்பவில்லை, காரணம் இது” என்று சொன்னால் அவன் யோசிக்க இடம் இருக்கிறது. அப்புறம் கூட உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஏஜெண்டுக்கு எவ்வளவு, அது யாரிடம் வாங்கிய கடன், என்ன வேலை என்று எழுத்தில் இருக்கிறதா, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், அங்கே தெரிந்த முகம் ஒன்றாவது உண்டா, இங்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் தமிழ்ச் சபைகளுக்குப் பஞ்சமில்லை, விசாரித்து ஒரு நம்பர் வாங்கிக் கொடுங்கள். இந்தக் கேள்விகளில் ஒன்றிரண்டுக்குப் பதில் இல்லாமல் அவனே பயணத்தைத் தள்ளிப்போடலாம். அல்லது போகலாம். இரண்டிலும் அவன் யோசித்து முடிவெடுக்கக் கற்றிருப்பான், நீங்களும் அவனுக்கு அண்ணனாகவே இருப்பீர்கள்.

பர்மாவில் பிறந்து வளர்ந்த நமக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரியவர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வராது. பர்மாக்காரர் ஆனாடே என்று சொல்கிற அந்தக் கூச்சம் நம் பிள்ளைகளுக்கும் ஊறிப்போயிருக்கிறது, தமிழ் வீட்டு மரியாதை அதற்கு மேல் ஒரு பூட்டு. நீங்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். வெளியே போய் டீக்கடையில் உட்கார்ந்து வேறு மாதிரி பேசுவார்கள். எனவே தலையாட்டியதைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். ஒரு பொறுப்பைக் கொடுக்கும்போது அங்கேயே பதில் கேட்காமல், “வீட்டில் யோசித்து அடுத்த வாரம் சொல், முடியாது என்றாலும் பரவாயில்லை” என்று விட்டுப்பாருங்கள். முதல் தடவை ஒருவன் வந்து முடியாது என்று சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதை மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

பாடத்தின் நடுவே கேள்வி கேட்கிற பையனுக்கு வருகிறேன். அவனை அடக்கவே அடக்காதீர்கள். உங்கள் குழுவில் இப்போதைக்கு நல்லபடி வளர்ந்துகொண்டிருப்பது அவனாகக்கூட இருக்கலாம். பவுல் பிரசங்கித்ததையே பெரோயா ஊரார் வேதவாக்கியங்களைத் தினமும் ஆராய்ந்து பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11), அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று வேதம் மெச்சிக்கொள்கிறது.

பர்மாத் தமிழ்ச் சபைகளில் இது வெறும் மரியாதைப் பிரச்சினை மட்டும் இல்லை. 1960-களில் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் எழுத்து வீட்டையும் கோயிலையும் சபையையும் நம்பித்தான் பிழைத்து வருகிறது. நம் பிள்ளைகள் பலர் தமிழில் சரளமாகப் பேசுவார்கள், பாட்டை மனப்பாடமாகப் பாடுவார்கள், வேதாகமத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டித் தடுமாறுவார்கள். மேடையில் நிற்கிறவர் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து ஒரு வசனத்தைச் சொல்லும்போது, அது அங்கே இருக்கிறதா, முன்பின் என்ன இருக்கிறது என்று சரிபார்க்க அந்தப் பிள்ளைக்கு வழியே இல்லை. வாசிக்கத் தெரிந்தவர் சொன்னதுதான் வேதம் என்று ஆகிவிடுகிறது. யாரும் திட்டம்போட்டுச் செய்யாமலே ஒரு மனிதர் கையில் எல்லாம் போய்ச் சேரும் வழி இது. இதற்குத் தீர்வு உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவர்களுக்குப் பர்மிய எழுத்து தண்ணீர் பட்ட பாடு. 1813-ல் ரங்கூனில் (இன்றைய யங்கோன்) வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் 1834-ல் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமம் இன்றும் நாடு முழுக்கப் புழங்குகிறது. பாடம் நடக்கும்போது ஒருவன் பர்மிய மொழியில் வாசிக்கட்டும், அதே பகுதியை நீங்களோ வேறு ஒருவரோ தமிழில் வாசியுங்கள். ஒரு வசனத்தை மட்டும் எடுக்காமல் அந்த அத்தியாயம் முழுவதையும் வாசியுங்கள். ஆர்வம் உள்ளவர்களுக்குக் கூட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் தமிழ் எழுத்தும் சொல்லிக்கொடுக்கலாம். வேதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டால் உங்கள் பேச்சைச் சோதித்துப் பார்க்கிற உரிமையையும் சேர்த்தே கொடுத்ததாக ஆகும், அதற்குத் தயாராக இருங்கள்.

அவன் கேட்டது சரியாக இருந்தால் அங்கேயே, “நீ சொல்வது சரி, நான் இன்னும் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லி அடுத்த வாரம் மறக்காமல் பதிலைக் கொண்டுபோங்கள். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லார் முன்பாகவும் எதிர்த்துப் பேசினார் (கலாத்தியர் 2). அதே பவுலைப் பேதுருவின் இரண்டாம் நிருபம் பிரியமான சகோதரன் என்று அழைக்கிறது. ஆனால் சில பையன்கள் வசனத்துக்காக இல்லாமல் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டக் கேட்பார்கள், அதுவும் நடக்கும். அப்போதும் சபை முன்னால் மூக்கறுக்காமல், ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அப்பொல்லோவைத் தனியே சேர்த்துக்கொண்டு விளக்கியதுபோல் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். அப்படியே ஒரு மாதப் பாடத்தை அவனையே நடத்தச் சொல்லுங்கள். ஆயத்தம் பண்ணிப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தால் கேள்வியும் நிதானமாகும்.

பொறுப்பைக் கொடுப்பது என்று சொன்னதும் கோ தா பியூவின் நினைவு வருகிறது. கரேன் இனத்தவர், ஒரு காலத்தில் கொள்ளையும் கொலையும் செய்தவர், கடனுக்காக அடிமைப்பட்டு, ஜட்சன் கடனை அடைத்து மீட்ட ஆள். முன்கோபம் லேசில் போகவில்லை. 1828-ல் தவாயில் ஞானஸ்நானம் பெற்றதும் காத்திருக்க வைக்காமல் அவரைத் தன் ஜனத்திடம் போய்ப் பேச விட்டார்கள். கரேன் மக்களிடையே சுவிசேஷம் பரவிய கதை அவரிலிருந்துதான் தொடங்குகிறது. பசீன் (இன்றைய பத்தேன்) பகுதிக் கரேன் சபைகள் 19-ம் நூற்றாண்டின் நடுவிலேயே தங்கள் போதகர்களைத் தாங்களே தாங்கத் தொடங்கிவிட்டன. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று 1966-ல் தெரிந்தது. வெளிநாட்டு மிஷனரிகள் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, தொழிலும் கடையும் தேசியமயமான பிறகு, நம் தமிழ்க் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக மதராஸுக்குக் கப்பல் ஏறியிருந்தன. பாடகர் குழுவில் பாதி இல்லை, மூப்பர்கள் இல்லை, ஞாயிறு பள்ளி ஆசிரியர் இல்லை. பிரசங்கிக்கவும், அடக்கம் பண்ணவும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் முன்பே பழக்கப்பட்ட சாதாரண ஆட்கள் இருந்த இடங்களில் ஆராதனை தொடர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்து பழகிய இடத்தில் அவர் போனதும் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நீங்களும் நாளைக்கு எங்கே இருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. இப்போதே இரண்டு பேரைப் பழக்குங்கள்.

அந்தப் பெண் பிள்ளையைப் பற்றி நீங்கள் ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கவலையாக இருக்கிறது. என்ன தவறு என்று எனக்குத் தெரியவேண்டாம், தயவுசெய்து வேறு யாருக்கும் எழுதவும் வேண்டாம். முதல் காரியமாகக் குழுவின் வைபர் (போன் அரட்டைச் செயலி) பக்கத்தில் அவள் பெயரை ஜெபக்குறிப்பாகப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நம்மிடையே எத்தனை குடும்பங்களின் மானம் போயிருக்கிறது என்று கணக்கெடுக்க முடியாது. அப்புறம், தனியாகப் போகாதீர்கள். உங்கள் அம்மாவையோ சபையில் அவளுக்குப் பிடித்த ஒரு அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். முதல் தடவை வேதாகமத்தைத் திறக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மோஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்கிக்கொண்டு போய் எல்லாருமாகச் சாப்பிட்டுவிட்டு, நீ இல்லாமல் நம் கூட்டம் நிறைவாக இல்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவளாகப் பேசினால் கேளுங்கள். அவள் அழுதால் அறிவுரை சொல்லி அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். முதலில் வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று அவள் நம்ப ஆரம்பித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கொரிந்து சபையில் கண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றி பவுல் 2 கொரிந்தியர் 2:6-8-ல் எழுதுகிறார். உங்களில் அநேகரால் அவனுக்கு உண்டான தண்டனை போதும், இனி மன்னியுங்கள், ஆறுதல் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்கிறார். போதும் என்று சொல்வதும் அதிகாரத்தில் சேர்ந்ததுதான். நம் சபைகளில் கண்டிக்க நாலு பேர் முன்வருவார்கள், போதும் என்று எழுந்து நின்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அந்தப் பிள்ளை மனம்வருந்தித் திரும்பி வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று கூட்டிக்கொண்டுபோய் வழக்கமான இடத்தில் உட்கார வைக்க வேண்டியது நீங்கள்தான். யாராவது முணுமுணுத்தால் அவர்களிடம் பேசவேண்டியதும் நீங்கள்தான். உங்களுக்குக் கொடுத்த அதிகாரத்தை முழுதாகப் பயன்படுத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் சீக்கிரம் வராது.

எல்லாரிடமும் இப்படி மென்மையாகவே இருக்கச் சொல்கிறேனா? இல்லை. 1 தெசலோனிக்கேயர் 5:14-ல் ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்ல வேண்டும், திடனற்றவர்களைத் தேற்ற வேண்டும், பலவீனரைத் தாங்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்திருக்கிறது. எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற வைத்தியர்போல் எல்லாரையும் கண்டித்தாலும் தப்பு, எல்லாரையும் தட்டிக்கொடுத்தாலும் தப்பு. ஒருவன் குழுவில் சின்னப் பிள்ளைகளிடம் தப்பாக நடக்கிறான், அல்லது பிள்ளைகளிடம் கடன் வாங்கி ஏமாற்றுகிறான் என்று தெரிந்தால் அங்கே மென்மைக்கு வேலை இல்லை. உடனே அவனை விலக்கி வையுங்கள், பெற்றோருக்கும் போதகருக்கும் தெரிவியுங்கள், சபையின் பெயர் கெடும் என்று மூடி மறைக்காதீர்கள். பவுல் கடுமையாகப் பேசிய இடங்களைப் பாருங்கள், பெரும்பாலும் மந்தையைக் காயப்படுத்துகிறவர்களிடம்தான். தடுமாறுகிற ஆடுகளிடம் அவருக்கு வேறு தொனி.

ஊழியக்காரர்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்குச் சங்கீதம் 105:15-ஐ ஆயுதமாக எடுப்பார்கள், “நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும்” என்ற வசனம். அந்தச் சங்கீதம் பேசுவது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றி. அந்நிய தேசத்தில் பரதேசிகளாக அலைந்தவர்களை ராஜாக்கள் தொடாதபடி கர்த்தர் காத்தார் என்கிறது. பலமில்லாதவரைப் பலவானிடமிருந்து காத்த வசனத்தை எடுத்து, மேடையில் இருப்பவரைக் கீழே இருப்பவரிடமிருந்து காக்கப் பயன்படுத்துவது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலின்மேல் தாவீது கைபோடவில்லை, உண்மைதான். ஆனால் சவுல் செய்வது அநியாயம் என்று எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னார். அதே தாவீது ராஜாவானபின் நாத்தான் தீர்க்கதரிசி வந்து அவர் பாவத்தைச் சுட்டி நீயே அந்த மனுஷன் என்றபோது, அபிஷேகம் பெற்றவனைப் பேசலாமா என்று அவர் கேட்கவில்லை. சாபம் போடுவதும் இதே வகைதான். தங்களை ஏற்காத சமாரியர் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கச் சொல்லட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது இயேசு அவர்களைத்தான் அதட்டினார். லூக்கா 10:19-ல் கொடுத்த அதிகாரம் சத்துருவின்மேல், கூட உட்கார்ந்து ஜெபிக்கிற தம்பிமேல் அல்ல.

உங்களுக்கும் கேள்வி கேட்கிற ஆட்கள் வேண்டும். உங்கள் போதகர் ஒருவர் போதாது, அவர்தானே உங்களை நியமித்தார். சபையில் விவரமான ஒரு பெரியவரையும் ஒரு அம்மாவையும் பார்த்து, மாதம் ஒருமுறை என் குழுவில் என்ன நடக்கிறது என்று என்னைக் கேளுங்கள் என்று நீங்களாகவே சொல்லிவையுங்கள். காணிக்கை வாங்கினால் இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேர் கையெழுத்துப் போடட்டும். எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோக பவுல் தனியாகப் போகாமல் சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் சேர்த்துக்கொண்டார், யாரும் குறைசொல்ல இடம் வரக்கூடாது என்று (2 கொரிந்தியர் 8:19-21). அவருக்கே அது தேவைப்பட்டது.

‘லீடர் அண்ணன்’ விஷயம். கூப்பிடட்டும் தம்பி, அதில் பாதி பாசம். நீங்கள் எல்லாரும் சகோதரர் என்று மத்தேயு 23-ல் இயேசு சொன்னதற்கு அண்ணன் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நாளில் ‘லீடர்’ உதிர்ந்து வெறும் ‘அண்ணே’ ஆகிவிடும், அப்படி ஆகும்போது திருத்தாதீர்கள்.